மின்னெழுச்சியும் கருவிக் காப்பும்

“ஹை வோல்டேஜ் வந்தது, பெட்டி போயிற்று” என்னும் சொற்றொடர் மழைக்காலந்தோறும் நம் ஊர்த் தெருக்களிற் கேட்கப்படுவதொன்று. பெட்டி என்றது சில இல்லங்களில் தொலைக்காட்சியாகவும், சில இல்லங்களிற் குளிர்சாதனமாகவும், மாணவர் அறையிற் கணினியாகவும் இருத்தல் கூடும். இழந்த பொருள் வேறாயினும் இழப்புக்குக் கூறப்படும் காரணம் ஒன்றே. ஒரு சொல் பல பொருளுணர்த்துதல் மொழிக்கு இயல்பு. அதனைப் பலபொருள் ஒருசொல் என்பர் இலக்கணத்தார். செய்யுளில் அஃது அழகு பயக்கும். நோய்க்குப் பெயரிடுமிடத்திலோ தீங்கு பயக்கும். வெவ்வேறு நோய்களுக்கு ஒரே பெயரிட்டு வழங்குங்கால், மருந்தும் ஒன்றே என மக்கள் மயங்குவர். ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்கு வாங்கிக் காசும் இழப்பர், கருவியும் இழப்பர். அம்மயக்கத்தை இயன்றவரை தெளிவித்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் பயில்வது தமிழிலக்கியம், மின்னியல் அன்று. ஆயினும் ஒரு சொல்லைப் பகுத்து அதன் பொருள்வேறுபாடு காணுதல் எம் வகுப்பில் நாள்தோறும் நிகழும் பயிற்சியாதலின், அப்பயிற்சியைத் துணைக்கொண்டே இப்பொருளை அணுகத் துணிந்தோம். இது தமிழ் மாணவர்க்குப் புறம்பான செய்தியென்று ஒதுக்குதற்கும் இல்லை. இன்று நாம் எழுதும் கட்டுரையும், நாட்டுப்புறத்திற் கேட்டுப் பதிந்த பாட்டும், படமெடுத்துச் சேர்த்த சுவடியும் மின்கருவிக்குள்ளேயே உறைகின்றன. பனையோலையைச் செல் அரித்தழிக்கப் பல்லாண்டு செல்லும். மின்கருவி ஒன்று கெடுதற்கோ நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கே போதும். சிற்றூர் மருந்தகத்தில் தடுப்பு மருந்து காக்கும் குளிர்ப்பெட்டியும், தையற்காரர் ஒருவர் கடன்பட்டு வாங்கிய மின்பொறியும் இவ்வாறே ஒரு கணத்தில் வீழத்தக்கன.

நோயின் மூவகை

நம் இல்லங்களுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு என்பர். அஃது அசையாது நிற்கும் அளவன்று. நொடிக்கு 50 முறை ஏறியும் இறங்கியும் திசைமாறியும் வருவதாகிய ஓட்டத்தின் பயனளவே அவ்வெண். அதன் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட்டு வரை செல்லும். இதனைத் தாங்குமாறும், இதற்குமேற் சிறிது மிகினும் பொறுக்குமாறும் கருவிகளைச் செய்திருக்கின்றனர். அப்பொறையின் எல்லை கடக்கப்படுமிடத்தே நோய் தோன்றுகின்றது. அந்நோய் மூவகைப்படும். அவற்றை விளக்கத்தின் பொருட்டு வான்துள்ளல், வீட்டுத்துள்ளல், நீள்மிகை என யாமே பெயரிட்டுக் கொள்கின்றோம்.

முதலாவது வான்துள்ளல். இது மின்னலால் வருவது. “இடி விழுந்தது” என்பது நம் வழக்கு. எனினும் விழுவது இடியன்று. மின்னல் செல்லும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை வெப்பமுற்று ஒரு கணத்தில் வெடித்து விரிதலால் எழும் ஓசையே இடி. கொல்வதும் அழிப்பதும் மின்னலின் ஓட்டமே. ஒரு மின்வெட்டிற் செல்லும் ஓட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவினது என்பர். நம் வீட்டு விளக்கொன்று கொள்வது அரை ஆம்பியருக்கும் குறைவு. இம்மின்னல் நம் கூரைமேல் விழவேண்டுவதில்லை. சற்றுத் தொலைவிலுள்ள தென்னையில் விழினும், அவ்வோட்டத்தால் எழும் காந்தப்புலம் அருகிலுள்ள மின்கம்பிகளில் அழுத்தத்தைத் தூண்டிவிடும். மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்பதனை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். டிரான்ஸ்பார்மரையும் ஜெனரேட்டரையும் நமக்கு அளித்த அவ்விதியே, மழைநாளில் நம் கணினியையும் அழிக்கின்றது. இத்துள்ளல் பல்லாயிரம் வோல்ட்டு உயரும். ஆயின் நொடியின் பத்து இலட்சத்திற் சில பங்குகள் முதல் சில நூறு பங்குகள் வரையே நிற்கும்.

இரண்டாவது வீட்டுத்துள்ளல். விரைந்தோடும் பேருந்தைத் திடீரென நிறுத்தின் உள்ளிருப்போர் முன்னே சாய்வர். அதுபோலவே மோட்டாரின் சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டமும், சுவிச்சினைத் திடீரெனத் தள்ளி அதன் வழியை அடைக்குங்கால் உடனே நிற்க ஒருப்படாது, அழுத்தத்தை மேலெழுப்பிக்கொண்டு பாய முயலும். சுவிச்சினுள்ளே தோன்றும் நீலப்பொறி இதன் அடையாளமே. கிணற்று மோட்டாரும் குளிர்சாதனமும் மிக்ஸியும் நாள்தோறும் பன்முறை இவ்வாறு சிறு துள்ளல்களை எழுப்புகின்றன. ஒவ்வொன்றும் சிறிதே, ஆயினும் ஒரே கல்லின்மேல் ஓயாது சொட்டும் நீர்போல, நுண்கருவிகளின் உள்ளுறுப்பினை இவை நாளடைவில் மெலிவிக்கும். ஒருநாள் காரணம் ஏதுமின்றிக் கருவி நின்றுவிட்டதென்று நாம் கூறுவனவற்றுட் சிலவற்றுக்குக் காரணம் இதுவாதல் கூடும்.

மூன்றாவது நீள்மிகை. இது முன்னிரண்டினும் முற்றும் வேறானது. தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் நியூட்ரல் என்னும் பொதுக் கம்பியும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேஸும் அப்பொது நியூட்ரலும் அளிக்கப்படும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டு. இரு பேஸ்களுக்கு இடையேயோ 400 வோல்ட்டு. நியூட்ரல் என்பது அனைவர்க்கும் உரிய மீள்வழி. காற்றிலோ, பழுதுற்ற இணைப்பிலோ அக்கம்பி அறுந்துவிடின் நிகழ்வது யாது? மீள்வழி இழந்த மின்னோட்டம் ஒரு பேஸிலுள்ள வீட்டின் வழியே புகுந்து, மற்றொரு பேஸிலுள்ள வீட்டின் வழியே வெளியேறும். இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும்; அப்பங்கோ சமமாக இராது.

எளிமையின் பொருட்டு இரண்டே வீடுகளைக் கொண்டு கணக்கிட்டுக் காண்பாம். ஒரு வீட்டில் 2,000 வாட்டு வெந்நீர்க் கருவி இயங்குகின்றது. அதன் தடை ஏறத்தாழ 26 ஓம். மற்றொரு வீட்டில் 100 வாட்டு கொள்ளும் பழைய குண்டுவிளக்கு ஒன்று எரிகின்றது. அதன் தடை ஏறத்தாழ 529 ஓம். தடை மிக்கதன்மேல் அழுத்தமும் மிகும் என்னும் விதிப்படி, வெந்நீர்க் கருவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 வோல்ட்டு. விளக்குக்குக் கிடைப்பதோ 380 வோல்ட்டு. மிகுதியாகச் செலவிடுவோர் வீட்டில் ஒளி மங்குகின்றது. ஒரு விளக்கும் ஒரு பெட்டியும் மட்டும் வைத்திருப்போர் வீட்டில் அவை எரிந்து போகின்றன. பொதுவழி அறுமிடத்துக் கேடு முதலில் எளியோரையே சென்றடைதல் மின்சாரத்திலும் உளது போலும்! இம்மிகை நொடியின் சிறுபங்கோடு ஒழிவதன்று. யாரேனும் மெயின் சுவிச்சினை நிறுத்துமளவும் நிற்கும்.

கருவிகள் மெல்லியவாயின காரணம்

நம் முன்னோர் வால்வு ரேடியோ வைத்திருந்தனர். அதனுள்ளிருந்த வெற்றிடக் குழாய்கள் இருநூறு வோல்ட்டு அளவிலேயே தொழிற்பட்டன. சிறு துள்ளலை அவை பொருட்படுத்தா. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் தோன்றியது. அன்று தொட்டு அவ்வுறுப்பு சிறுத்துக்கொண்டே வந்து, இன்று நகத்தளவான சில்லில் பல நூறு கோடி டிரான்ஸிஸ்டர்கள் அடங்குகின்றன. அவை ஒரு வோல்ட்டு அளவிலேயே இயங்குவன. அவற்றினுள் மின்காப்பாக அமைந்த படலம் மயிரிழையின் பருமனிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே அறிவு மிக மிகக் கருவியின் பொறை குறைந்தது. அன்று விளக்கும் விசிறியும் மட்டுமே இருந்த வீட்டுக்குப் போதுமானதாயிருந்த காப்பு, இன்றைய வீட்டுக்குப் போதாது.

வழிவிடுதலே காத்தல்

இனி மருந்தினைக் காண்பாம். ஏரி காத்தலை நம் நாட்டார் நெடுங்காலமாக அறிவர். வெள்ளம் வருங்கால் கரையை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போதல் அறிவுடைமை அன்று. எவ்வளவு உயர்த்தினும் அதனை மிஞ்சும் வெள்ளம் ஒருநாள் வரும். ஆதலின் கரையின் ஓரிடத்திற் கலிங்கு அமைத்து, குறித்த மட்டத்துக்கு மேற்பட்ட நீர் தானே வழிந்தோடச் செய்தனர். 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையிலும், 120 அடி நிரம்பியபின் மிகைநீர் செல்லுதற்குப் பதினாறு கண் மதகு இருத்தலை அறிவோம். கலிங்கு நீரைத் தடுப்பதன்று. நீருக்கு வேறு வழி காட்டுவது. அதனாலேயே கரை பிழைக்கின்றது.

துள்ளலுக்குரிய காப்பும் இவ்வகையதே. அதன் நடுநாயகமாக விளங்குவது வாரிஸ்டர் என்னும் சிறு வட்டு. துத்தநாக ஆக்ஸைடின் நுண்மணிகளைப் பிற ஆக்ஸைடுகள் சில சேர்த்துச் சுட்டு இதனைச் செய்கின்றனர். ஜப்பானிய ஆய்வாளராகிய மிச்சியோ மத்ஸுவோக்கா 1971-இல் வெளியிட்ட ஆய்வுரையால் இதன் தன்மை உலகறிந்ததாயிற்று. இரு மணிகள் ஒட்டுமிடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ட்டு வரை மின்சாரத்தை மறிக்கும்; அதற்கு மேற்படின் வழிவிடும். இத்தகைய எல்லைகள் பல அடுத்தடுத்து நிற்றலால், வட்டின் பருமனுக்கேற்ப அதன் மட்டத்தை அமைக்கலாம். இயல்பான 230 வோல்ட்டில் இது கதவடைத்த மதகுபோல் வாளாவிருக்கும். துள்ளல் வருமாயின், நொடியின் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைந்த காலத்திற் கதவு திறந்து, மிகையைத் தன்வழியே செலுத்திவிடும். பல்லாயிரம் வோல்ட்டாக வந்த துள்ளல் கருவியை அடையும்போது சில நூறு வோல்ட்டாகத் தணிந்திருக்கும்.

இவ்வட்டுக்கு இரண்டு குறைகள் உள. அவற்றை வாங்குவோர் அறிதல் வேண்டும். ஒன்று, அது தேய்வது. ஒவ்வொரு துள்ளலை ஏற்குந்தோறும் சிறிது வலியிழந்து, இறுதியில் ஓசையின்றி மடியும். அதன்பின் அப்பலகை வெறும் பல துளைப் பலகையே. எனவே காப்பு உளதா என்பதனைக் காட்டும் சிறுவிளக்குள்ள பலகையையே தேர்தல் வேண்டும். அவ்விளக்கு அணைந்ததாயின் மாற்றுதல் வேண்டும். மற்றொன்று, அது நீள்மிகையைத் தாங்காது. கணப்பொழுது வெள்ளத்துக்கு அமைந்த கலிங்கின் வழியே நாள்முழுதும் பேராறு பாயுமாயின் கலிங்கே பெயர்ந்துபோம். அவ்வாறே 380 வோல்ட்டு சில நொடிகள் நிற்குமாயின் வட்டு கொதித்து எரியும், நெருப்பும் பற்றக்கூடும். வெப்பத்தால் அறுந்து அதனை விலக்கும் உருகி உடையனவே நல்லன.

பிற காப்புக்களைப் பற்றிய மயக்கங்களையும் ஈண்டுத் தீர்த்தல் தகும். பியூஸ் உளதே என்பர் சிலர். பியூஸ் மிக்க ஓட்டத்தின் வெப்பத்தால் உருகுவது. அஃது உருகுமுன் துள்ளல் வந்து தன் தொழிலை முடித்துச் சென்றிருக்கும். ஸ்டெபிலைஸர் உளதே என்பர் வேறு சிலர். அது மெல்ல ஏறியிறங்கும் அழுத்தத்தை நேர்செய்வது. அதனுள்ளிருக்கும் விசைகள் அசைதற்கு நொடியின் நூறில் ஒன்றிரண்டு பங்கேனும் வேண்டும். துள்ளலோ அதனினும் ஆயிரம் மடங்கு விரைவுடையது. இன்வெர்ட்டர் உளதே என்பர் மற்றுஞ் சிலர். வீடுகளிற் பெரும்பாலும் காணப்படும் இன்வெர்ட்டர், வெளிமின்சாரம் உள்ளபோது அதனை அவ்வாறே உள்ளே விடுவது. மின்சாரம் நின்றபின்னரே தான் தொழிற்படுவது. ஒவ்வொன்றும் தன் தொழிலில் நன்றே. பிறிதொன்றன் தொழிலை அதனிடத்து எதிர்பார்த்தலே பிழை.

நீள்மிகைக்கு மருந்து வழிவிடுதலன்று, விலகுதல். அழுத்தம் ஏறத்தாழ 270 வோல்ட்டைக் கடந்தவுடன் வீட்டின் தொடர்பையே துண்டித்து, அது தணிந்து சிறிது நேரம் சென்றபின் மீட்டும் இணைக்கும் ரிலேக்கள் இன்று கிடைக்கின்றன. மெயின் பலகையில் இதனை ஒன்றும், அதன் பக்கத்தே துள்ளலுக்குரிய காப்புக்கருவி ஒன்றும் பொருத்துதல் தக்க முறை. மின்வல்லார் துள்ளற் காப்பினை மூன்று நிலையாக வகுப்பர். இடிதாங்கி உள்ள கட்டடத்தில் மின்சாரம் புகுமிடத்துக்கு முதல்நிலை, பகிர்பலகைக்கு இரண்டாம்நிலை, கருவியின் அருகே மூன்றாம்நிலை. முதற் கலிங்கு பெருவெள்ளத்தைக் கழிக்க, எஞ்சியதை அடுத்தவை கழிக்கும். கடைநிலையை மட்டும் வாங்கி மேசையடியில் வைத்து, முதலிரண்டையும் மறந்திருத்தலே பெரும்பாலோர் வழக்கம்.

நிலத்தொடர்பு

கலிங்கு வழிந்த நீர் எங்கே செல்வது? அதற்கு ஓர் ஓடை வேண்டும். அவ்வோடையே எர்த் என்னும் நிலத்தொடர்பு. இதன் இன்றியமையாமையை மின்னலாய்வின் தொடக்க வரலாறே காட்டுகின்றது. 1752-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெஞ்சமின் பிராங்கிளின் எழுதிக்காட்டிய முறைப்படி, பிரான்சு நாட்டு மார்லி என்னும் ஊரில் நட்ட இரும்புக்கோல் முகிலிலிருந்து மின்பொறி பெற்றது. மறு ஆண்டில், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவ்வாய்வை நிகழ்த்திய ரிச்மன் என்னும் பேராசிரியர் மின்னல் தாக்கி உயிர் துறந்தார். அளந்தறியும் பொருட்டு அவர் கோலினை நிலத்தோடு சேர்க்காது தனித்து வைத்திருந்தார். கட்டடக் காப்புக்குப் பிராங்கிளின் கூறிய கோலோ, கம்பியால் நிலத்தோடு சேர்க்கப்பட்டது. கோல் ஒன்றே; நிலத்தொடர்பின்றி உயிரைக் கொண்டது, நிலத்தொடர்போடு கூரையைக் காத்தது.

நம் வீட்டுத் துளைப்பலகையின் மேற்பக்கத்துப் பெரிய துளை இந்நிலத்தொடர்புக்குரியது. பல பழைய வீடுகளில் அதன் பின்னே கம்பியே இராது. இருப்பினும் அக்கம்பி நிலத்தைச் சென்று சேராது. மூன்று கால் பிளக்கின் நீண்ட காலை ஒடித்துவிட்டு இரு துளையிற் செருகுவாரும் உளர். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நிற்கும் வாரிஸ்டர் எர்த் இன்றியும் ஓரளவு தொழிற்படும் என்பது உண்மையே. ஆயின் வான்துள்ளல் பெரும்பாலும் இரு கம்பிகளிலும் ஒருங்கே ஏறிவரும். அப்பொழுது அதற்குச் செல்வழி நிலம் ஒன்றே. அவ்வழி இல்லையாயின், கணினியின் உள்ளேயும் அதனோடு இணைந்த பிற கம்பிகளின் வழியேயும் அது வழி தேடிக்கொள்ளும்.

அன்றியும், எர்த் கருவிக்கு மட்டும் காவலன்று, ஆளுக்கும் காவல். குளிர்சாதனத்தின் உள்ளே பேஸ் கம்பி உறை கிழிந்து இரும்புடலைத் தொடுமாயின், எர்த் உள்ள வீட்டில் ஓட்டம் நிலத்துக்குப் பாய்ந்து, பியூஸ் உருகியோ, ஆர்.சி.சி.பி. என்னும் காப்புவிசை விழுந்தோ தொடர்பு அறும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் அவ்விசை மனிதவுயிரைக் கருதி அமைக்கப்பட்டது. எர்த் இல்லாத வீட்டிலோ, அடுத்துத் தொடுபவரது உடலே நிலத்துக்கு வழியாகிவிடும்.

இங்கே பெருந்தீமை விளைக்கும் ஒரு குறுக்குவழியையும் சுட்டுதல் வேண்டும். எர்த் கம்பி இல்லாத பலகையில், நியூட்ரல் துளையையும் எர்த் துளையையும் ஒரு சிறு கம்பியால் உள்ளே இணைத்துவிடுவோர் உளர். சோதிக்கும் விளக்கு எரியும். எர்த் உளதென்றே தோன்றும். ஆயின் நியூட்ரல் ஒருநாள் அறுமாயின், அக்கணமே அப்பலகையிற் செருகிய கருவிகளின் இரும்புடல் அனைத்தும் உயிர்க்கம்பியாகிவிடும். நீள்மிகை தோன்றும் அதே வேளையில் ஆட்கொல்லியும் தோன்றுகின்றது. தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுதலும் இக்காலத்துக்கு ஒவ்வாது. குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டன.

தக்க முறை, நிலத்திற் குழிதோண்டி உலோகக் குழாய் அல்லது தகடு பதித்து, ஈரம் காக்குமாறு கரியும் உப்பும் போன்றன இட்டு, வேனிலில் நீர்வார்த்து வருவதே. அதன் தடை 10 ஓமுக்குக் குறைவாயிருத்தல் மின்னற் காப்புக்கு நன்று. அளந்து கூறும் கருவி மின்பணியாளரிடம் உண்டு. துள்ளற் காப்பிலிருந்து எர்த் செல்லும் கம்பி குறுகியதாயும் வளைவின்றியும் இருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் மின்தூண்டல் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி. நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்குள் 1,000 ஆம்பியர் ஏறும் ஓட்டம் அக்கம்பியிற் பாயுமாயின், அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட்டு எழும். வாரிஸ்டர் எவ்வளவு நன்றாயினும், சுருட்டிக் கட்டிய நீண்ட கம்பி அதன் பயனை விழுங்கிவிடும். ஓடை தூர்ந்திருப்பின் கலிங்கால் என்ன பயன்?

நாம் செயற்பாலன

இனி மாணவர் இல்லத்திலும் தத்தம் வீட்டிலும் நாம் செய்யக்கூடுவன சில.

தமிழ்நாட்டில் சித்திரை வைகாசிக் கோடையிடியும், புரட்டாசி ஐப்பசி இடியுமே மிகுதி. முகில் திரளக் கண்டவுடன், புயல் அணுகுமுன்னரே, கணினி முதலியவற்றின் பிளக்கினைத் துளையினின்று எடுத்துவிடுதல் எல்லாக் காப்பினும் சிறந்த காப்பு. அதற்குச் செலவும் இல்லை. சுவிச்சினை மட்டும் தள்ளுதல் போதாது. பல்லாயிரம் வோல்ட்டுக்குச் சுவிச்சின் சிறு இடைவெளி ஒரு தாண்டே. மின்கம்பியோடு தொலைக்காட்சிக் கேபிளையும், மாடியிலிருந்து வரும் டிஷ் கம்பியையும், தொலைபேசிக் கம்பியையும் கழற்றுதல் வேண்டும். வாயிலைத் தாழிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தல் காவலாகாது. உலோகமின்றிக் கண்ணாடியிழை மட்டுமே கொண்ட இணையக் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது. அதன் பெட்டிக்கு வரும் மின்கம்பியே அங்கு ஐயத்துக்குரியது.

மின்னல் கண்டு மூன்று நொடிக்குப்பின் இடி கேட்குமாயின், அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது எனக் கணக்கிடலாம். அந்நிலையிற் பிளக்கினையும் கம்பியையும் தொடுதல் கூடாது. பொருளினும் உயிர் பெரிது. மின்னலால் நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் வெளியிற் பணிசெய்வோர். கடைசி இடியோசை கேட்டபின் அரைமணி நேரம் கழித்தே வெளிச்செல்லுதல் நன்று.

மின்சாரம் நின்று மீண்டும் வருங்கால், தெருவிலுள்ள மோட்டார்கள் ஒருங்கே எழுதலால் அழுத்தம் தடுமாறும். ஆதலின் நின்றவுடன் நுண்கருவிகளை நிறுத்திவைத்து, மின்சாரம் திரும்பிச் சில நிமிடம் நிலைபெற்றபின் இயக்குதல் வேண்டும். ஒரு வீட்டில் விளக்குகள் வழக்கத்துக்கு மாறாக ஒளிவீசவும், அடுத்த வீட்டில் மங்கவும் கண்டால், அது நியூட்ரல் அறுந்ததன் அறிகுறி. உடனே மெயின் சுவிச்சினை நிறுத்துக. அண்டை வீட்டார்க்கும் கூறுக. பின் மின்வாரியத்தார்க்கு அறிவிக்க. விரைந்து கூறும் ஒரு சொல் ஒரு தெருவையே காக்கும்.

இறுதியாக ஒன்று. எக்காப்பும் முழுக்காப்பு ஆகாது. நேரே விழும் மின்னலை மேசையடிப் பலகை எதுவும் தடுத்துவிடாது. கருவியை மீண்டும் வாங்கலாம். அதனுள்ளிருந்த எழுத்தை வாங்க இயலாது. இதற்கு வழி நம் முன்னோரிடமே உளது. ஏடுகள் அழியாது நமக்குக் கிட்டியது ஓலையின் உறுதியால் அன்று, படியெடுத்தோர் உழைப்பால். 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து கிடைத்த பல படிகளை ஒப்பிட்டே பாடங் கண்டார். ஓரூரில் செல் அரித்தது மற்றோரூரிற் பிழைத்திருந்தது. நாமும் நம் ஆய்வேட்டினையும் பதிவுகளையும் படியெடுத்து, ஒன்றினை மின்தொடர்பினின்று விலக்கித் தனியே வைத்தல் வேண்டும். பிறிதொன்றினை வேற்றிடத்தே வைத்தல் வேண்டும். கணினியோடு எப்போதும் இணைந்தே கிடக்கும் படி, அக்கணினியோடு ஒருங்கே அழியும்.

ஆகவே “ஹை வோல்டேஜ்” என்று ஒரு சொல்லாற் கூறியமையாது, வந்தது துள்ளலா, மிகையா என்று வினவும் பழக்கத்தை நாம் மேற்கொள்வோமாக. துள்ளலாயின் வழிவிடுக, மிகையாயின் விலகுக, இரண்டுக்கும் நிலத்தொடர்பைச் செம்மை செய்க. இவ்விடுமுறையில் வீடு செல்லும் நண்பர் ஒவ்வொருவரும், தம் வீட்டுத் துளைப்பலகையின் அப்பெரிய துளைக்குப் பின்னே கம்பி உளதா, அக்கம்பி நிலத்தைச் சென்று சேர்கின்றதா என்பதனை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தறிவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் முழுதும் பெற்றோமாவோம்.